நெருப்புக்குப் பதிலாகத் தண்ணீர்

எனக்குக் கையில் மைக் கிடைத்தால் பசி தெரியாது. கொடிகாமம் சங்கக்கடையில் நாள் முழுக்க அரிசி நிறுத்துக் கொடுக்கிற சிவசுப்பிரமணியத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே ஆள் இரவில் மைக்கைப் பிடித்தால் மிருசுவில் வரைக்கும் கேட்கும். அதனால் எண்பத்து மூன்றாம் ஆண்டு மாசி மாதம் எங்கள் சனசமூக நிலையம் வாசிகசாலை கட்டுவதற்காகக் கார்னிவல் நடத்தியபோது, அறிவிப்பாளர் வேலையை நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன். பிறகு பட்ட பாட்டுக்கு வேறு யாரையும் நோக முடியாது.

கார்னிவல் நடந்தது நெல் அரிவி வெட்டு முடிந்த வயலில். அந்த வயல் சின்னத்தங்கம் அக்காவுடையது. ஐம்பது வயது, சந்தையில் கத்தரிக்காயும் பூசணிக்காயும் விற்கிறவர், யார் வந்து கேட்டாலும் விலையில் இறங்காதவர். "வாடகை வேண்டாம். முன்வரிசையிலை எனக்கொரு கதிரை போட்டால் காணும்" என்றார். எங்கள் நிலையத் தலைவர் உடனே ஒத்துக்கொண்டார்.

ராட்டினம் இருந்தது, வளையம் எறிகிற கடை இருந்தது, அதிர்ஷ்டச் சக்கரமும் இருந்தது. ஆனால் சனம் வந்தது ஒன்பது மணிக்கு நடக்கிற கடைசிக் காட்சிக்காகத்தான். அரியாலைப் பஞ்சலிங்கம் நாற்பத்தைந்து அடி ஏணியில் ஏறுவான். கீழே ஒரு தகரத் தொட்டி, அது நிறையத் தண்ணீர். தண்ணீருக்கு மேலே பெற்றோலை ஊற்றிக் கொளுத்துவார்கள். அவன் அந்த நெருப்புக்குள் பாய்ந்து, தலையைச் சிலுப்பிக்கொண்டு மறுபக்கத்தால் எழும்புவான். பாய்கிற வேகத்தில் தண்ணீரும் நெருப்பும் சேர்ந்து வெளியே தெறிக்கும். அதற்காகத் தொட்டியைச் சுற்றிப் பெரிய வட்டமாகக் கயிறு கட்டி, உள்ளே யாரும் கால் வைக்கக்கூடாது என்று வைத்திருந்தோம். ஏணியின் அடியில் ஒரு பிள்ளையார் படம். ஏறுவதற்கு முன்னர் அவன் தன் கையாலே கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைக்க வேண்டும். அது இல்லாமல் அவனும் ஏறமாட்டான், சனமும் ஏறவிடாது.

"நெருப்பு வீரன்" என்று அவனுக்குப் பட்டம் வைத்தவன் நான்தான். முதல் பத்து இரவும் அந்தப் பட்டத்தை இழுத்து இழுத்துச் சொல்லித் தொண்டை கட்டிப்போனேன். சின்னத்தங்கம் அக்கா ஒருநாளும் தப்பவில்லை. தொட்டியில் நெருப்பு மூண்டதும் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொள்வார். முன்வரிசையல்லவா, சூடு தாங்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். பஞ்சலிங்கம் எழும்பியதும் அவர் கைதட்டுகிற சத்தம் என் மைக்குக்கு மேலாலே கேட்கும்.

பதினோராம் நாள் காலை பஞ்சலிங்கம் சங்கக்கடைக்கு வந்தான். கையில் கடதாசியில் சுற்றிய கற்கண்டுச் சரை. முந்திய நாள் இரவு அவன் மனைவி குணலட்சுமிக்குப் பெண்பிள்ளை பிறந்திருந்தது. நான் ஒரு கட்டிக் கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு வாழ்த்துச் சொன்னேன். அவன் போகவில்லை. தராசுக்குப் பக்கத்திலேயே நின்றான்.

"அண்ணை, என்னாலை இனி ஏறேலாது."

"ஏன், காய்ச்சலோ?"

"இல்லை. ஆசுப்பத்திரியாலை நேரை வயலுக்குத்தான் போனனான். சும்மா ஒருக்கா ஏறிப் பாத்தன். பாதியிலை கால் நடுங்கத் தொடங்கிட்டுது. பிள்ளையின்ரை முகந்தான் கண்ணுக்குள்ளை நிக்குது. மெல்ல மெல்லப் பிடிச்சுப் பிடிச்சு இறங்கி வந்திட்டன்." கற்கண்டுச் சரையை மடித்து மடித்துப் பார்த்தான். "பயந்திட்டான் எண்டு சொல்லுவினம். நாளைக்கு அவள் வளந்து பள்ளிக்கூடம் போனாலும் அதைத்தான் சொல்லுவினம்."

எங்கள் சனத்தின் வாய் எனக்குத் தெரியும். எழுபதாம் ஆண்டு மரத்தில் ஏறி இறங்கமுடியாமல் அழுதவனை இன்றைக்கும் அந்த மரத்தின் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். "பாப்பம், நீ வீட்டை போ" என்று அனுப்பிவைத்தேன். மனதுக்குள் எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது. பட்டம் வைத்தவன் நான். அது கழுத்தைப் பிடிப்பது அவனை.

அன்றைக்கு இரவுக்கு வேறு காட்சி வேண்டும். இறைப்பு மெசின் திருத்துகிற தேவராசா ஒரு மாதமாகத் தலைவரின் பின்னால் திரிந்துகொண்டிருந்தான். மூன்று மெசின்களைப் பூட்டி, குழாய்களில் துளை போட்டு, தண்ணீரை மேலே பீச்சியடித்து, கலர்த்தாள் சுற்றிய பல்புகளால் வெளிச்சம் காட்டினால் சனம் சொக்கிப்போகும் என்பது அவனுடைய எண்ணம். வேறு வழியில்லாமல் தலைவர் ஓமென்றார். நானும் மைக்கில், "தவிர்க்க முடியாத காரணங்களினால் இன்று முதல் நெருப்புக்குப் பதிலாக நடன நீரூற்று" என்று குரலைக் குழைத்துச் சொன்னேன்.

மெசின்கள் படபடவென்று இரைந்தன. தண்ணீர் பச்சையும் சிவப்புமாக எழும்பியது. சனம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தது. பிறகு பின்னாலிருந்து ஒருவர் ஆறுதலாகச் சொன்னார்:

"உதைத்தானே நான் விடியப்பறம் நாலு மணிக்குப் புகையிலைத் தோட்டத்திலை பாக்கிறனான். உதுக்கு ரிக்கற் வேறையோ?"

வயல் முழுக்கச் சிரிப்பு. இன்னொருவருக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தத் தண்ணீரில் எத்தனை மிளகாய்க் கன்றுக்கு இறைக்கலாம் என்று கணக்குப் பார்த்துக் கோபப்பட்டார். வேட்டி நனைந்தவர் ஒருவர் என்னிடம் வந்து சண்டை பிடித்தார், தண்ணீர் நான் ஊற்றியதுபோல. அடுத்த நாள் சந்தையில் கதைகள் முளைத்துவிட்டன. தலைவர் பெற்றோலுக்குக் கஞ்சத்தனம் பார்க்கிறாராம். பஞ்சலிங்கம் கொழும்பில் பெரிய கார்னிவலுக்குப் போய்விட்டானாம். அவனுக்கும் எனக்கும் சண்டையாம், அவன் புகழைப் பார்த்து எனக்குப் பொறாமையாம். இந்தக் கடைசிக் கதையைக் கேட்டுத்தான் எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வந்தது.

மூன்றாம் இரவு சின்னத்தங்கம் அக்கா கதிரையை விட்டெழும்பி நேரே மேடைக்கு வந்தார்.

"எங்கை அவன்? அவனுக்கு ஏதும் நடந்திட்டுதோ?"

"ஒண்டும் நடக்கேல்லை, அக்கா."

"அப்ப ஏன் மறைக்கிறாய்?"

சனம் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது. என் வாயிலிருந்து அது தானாக வந்தது. "அவனுக்குப் பிள்ளை பிறந்திருக்கு. துடக்கு."

பொய்யில்லை. பிள்ளை பிறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. தகப்பன் கோயில் படி மிதிக்கக்கூடாது, சாமிக்கு விளக்கு வைக்கக்கூடாது. ஏணியடியில் பிள்ளையார் இருக்கிறார். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கமுடியாது. தேங்காயை வேறு ஆள் உடைத்தால் என்ன என்று ஒரு பொடியன் தொடங்க, பத்துப் பேர் அவனை முறைத்தார்கள். கோபமெல்லாம் வடிந்து, பிள்ளை ஆணா பெண்ணா, என்ன நட்சத்திரம் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். கார்னிவல் முடிய இன்னும் பதினேழு நாள்தான் இருந்தது. பஞ்சலிங்கம் தப்பினான் என்று நான் நிம்மதியாக வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

எங்கள் ஆட்களின் நல்ல மனதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அடுத்த கிழமை ஒரு மனு வந்தது. துடக்குக் கழிகிற நாளைப் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்து, அதுவரைக்கும் கார்னிவலை நீட்டிக்கவேண்டும், முப்பத்திரண்டாம் நாள் பஞ்சலிங்கம் குளித்து முழுகி வந்து பாயவேண்டும் என்று இருநூற்றுச் சொச்சம் பேர் ஒப்பம் வைத்திருந்தார்கள். முதல் ஒப்பம் சின்னத்தங்கம் அக்காவுடையது. தலைவருக்கு வாசிகசாலையே கூரை வரைக்கும் எழும்பிவிட்டது போலிருந்தது. நான் துடக்கென்று ஒரு கதவைச் சாத்தினேன். அவர்கள் அது எப்போது திறக்குமென்று நாளெண்ணிக்கொண்டு வாசலில் பாய் விரித்துவிட்டார்கள்.

பஞ்சலிங்கத்திடம் போய்ச் சொன்னேன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். "அப்ப பாயத்தான் வேணும்" என்று மட்டும் சொன்னான். குணலட்சுமி வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இதற்கிடையில் தண்ணீருக்கு ஒரு மரியாதை வரத் தொடங்கியது. சனம் தினமும் வந்தது, குறை சொல்லத்தான் வந்தது. ஆனால் இறைப்பு மெசினைப் பற்றி எங்கள் கமக்காரருக்குத் தெரியாததா? "தேவராசா, அந்தக் குழாயைக் கொஞ்சம் சரிச்சு வை." "நடு மெசினைக் குறைச்சு விடு, அது இரைச்சல் போடுது." ஒவ்வொரு நாளும் ஒருவர் மெசினடிக்குப் போய் ஏதாவது ஒன்றைத் திருகிவிட்டு வருவார். பிறகு அவர் தன் வீட்டாரைக் கூட்டிவந்து, தான் திருகிய குழாயைக் காட்டுவார். மூன்றாம் கிழமையில் தண்ணீர் பனையளவுக்கு எழும்பிக் குடைபோல விரிந்தது. நன்றாயிருக்கிறதென்று ஒருவரும் சொல்லவில்லை. ஒருவரும் நேரத்தோடு எழும்பிப் போகவுமில்லை.

நீரூற்றுத் தொடங்கிய நாளிலிருந்தே விழுந்த தண்ணீரெல்லாம் கயிற்று வட்டத்துக்குள் ஊறியது. அதை இரண்டு நாள்தான் சின்னத்தங்கம் அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் பகல் மண்வெட்டியோடு வந்து, வட்டத்துக்குள் கொத்திப் பயறு விதைத்துவிட்டார்.

"பெற்றோல் மணக்கிற மண்ணிலை என்னக்கா முளைக்கப்போகுது?" என்று பகிடி பண்ணினேன்.

"தண்ணி ஓசியிலை வருது. ஆளும் மிதிக்காது. நீ உன்ரை மைக்கைப் பார்."

முளைத்தது. முப்பத்திரண்டாம் நாளில் தொட்டியைச் சுற்றி முழங்காலளவு பச்சை. அங்கங்கே மொட்டுக்கூட வைத்துவிட்டது.

அன்றைக்கு வந்த கூட்டத்தைப்போல நான் கண்டதில்லை. சாவகச்சேரியிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆள் வந்திருந்தது. பஞ்சலிங்கம் வீட்டில் முதல் நாளே துடக்குக் கழித்துவிட்டார்கள். அவன் திருநீறு பூசி, வெள்ளை வேட்டியோடு வந்தான். கற்பூரம் கொளுத்தினான். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. சனம் ஆரவாரம் செய்தது. நான் "நெருப்பு வீரன்" என்று தொடங்கினேன். அத்தோடு நிறுத்திவிட்டேன். முப்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன்.

அவன் ஏணியில் ஒரு கையை வைத்தான். மற்றக் கையையும் வைத்தான். மேலே பார்த்தான். பெற்றோல் கலனோடு தேவராசா தொட்டியடிக்குப் போனான்.

"எடேய், உதை ஊத்தாதை."

சின்னத்தங்கம் அக்கா கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பயற்றுச் செடிகளை மிதிக்காமல் சேலையை ஒதுக்கிக்கொண்டு நடந்து, தொட்டிக்கு முன்னால் நின்றார்.

"நெருப்புத் தெறிச்சால் என்ரை பயறு கருகிப்போம். மொட்டு வைச்சு நிக்குது. நான் விடன்."

தலைவர் ஓடிவந்தார். "அக்கா, நீங்கள்தானே மனுவிலை முதல் ஒப்பம் வைச்சனீங்கள்."

"வைச்சனான். அப்ப பயறு மொட்டு வைக்கேல்லை. இப்ப வைச்சிருக்கு. இது என்ரை காணி."

நான் கூட்டத்தைப் பார்த்தேன். கூக்குரல் போடுவார்கள், கதிரையைத் தூக்குவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் அசையவில்லை. நிற்கிற பயிரைக் கொளுத்து என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது. புகையிலைக்காரர்தான் கடைசியில் சொன்னார்:

"மொட்டு வைச்ச பயிரை என்ன செய்யிறது. தேவராசா, நீ மெசினைப் போடு."

மெசின் இரைந்தது. தண்ணீர் எழும்பி, விரிந்து, பயற்றுக்கு மேல் பொழிந்தது. அன்றைக்குத்தான் சனம் முதல் தடவையாக அதற்குக் கைதட்டியது. பஞ்சலிங்கம் ஏணியிலிருந்து கைகளை எடுத்துவிட்டு, நனைந்துகொண்டே நின்றான். போகிற வழியில் ஆட்கள் அவன் தோளில் தட்டி, "உன்ரை காலம் சரியில்லை, தம்பி" என்று அனுதாபப்பட்டார்கள். பயந்தான் என்று ஒரு குருவிகூடச் சொல்லவில்லை.

எல்லோரும் போனபின் நான் மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சின்னத்தங்கம் அக்கா கதிரையில் அமர்ந்து சேலையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு பரப்புக் காணிகூட இல்லாத பயறுக்காகவே உவ்வளவும்?"

"அவன் ஏணியைப் பிடிச்ச கையை நீ பாக்கேல்லையோ? விரல் எல்லாம் வெளுத்துப்போய்க் கிடந்தது." பிழிந்த தலைப்பை உதறினார். "நீ துடக்கைச் சொன்னாய். நான் பயறைச் சொன்னன்."

நான் வயரை அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து சுற்றினேன். இருந்தாலும் கேட்டேன். "உங்களுக்கு அந்தப் பாய்ச்சல் எண்டால் உயிராச்சே. இனி அதைப் பாக்கேலாதே."

"நான் எங்கை பாத்தனான்? பத்து நாளும் கண்ணைப் பொத்திக்கொண்டெல்லோ இருந்தனான். அவன் எழும்பி வாறதைப் பாக்கத்தான் வந்தனான்."

கதிரையை மடித்து என் கையில் தந்தார். கயிற்றடிக்குப் போய், சரிந்து கிடந்த இரண்டு செடியை நிமிர்த்தி மண் அணைத்தார்.

"உது காய்ச்சதும் முதல் கொத்துப் பயறு அவன்ரை வீட்டுக்குக் குடுக்கவேணும். பெட்டைக்குப் பல்லு வரேக்கை தலையிலை கொட்டுற கொழுக்கட்டைக்கு வேணுமெல்லோ" என்றார்.