ஆல்டருக்கு வராத காண்டாமிருகம்

தையல்காரருக்கு முதுகு நிறையக் காண்டாமிருகம் வேண்டும். மணிக்கட்டில் சின்னதாக ஒரு நட்சத்திரம், தோளில் ஒரு குருவி என்று டாட்டூவை ஊர் உலகம் ஆரம்பிக்கிற இடத்தில் ஆரம்பிக்கிற ஆள் இல்லை அவர். கழுத்துக்குக் கீழே கொம்பு, இடுப்புக்கு மேலே வால், நடுவில் முழு மிருகம். ஐம்பதைத் தாண்டிய மனிதருக்கு ஏன் இந்தப் புத்தி என்று கேட்கிறவர்கள், ஒரே ஒரு நாள் அவர் கடையில் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

உள்ளே வருகிற எவருக்கும் அங்கே வணக்கம் சொல்கிற பழக்கம் இல்லை. போட்டிருக்கிற சட்டையை இடுப்பருகே இரண்டு விரலால் கிள்ளி இழுத்து, "லூஸா இருக்கு" என்பார்கள். பிடித்துக் கொடுத்தால் அடுத்த வாரம் வந்து, "மூச்சு விட முடியல" என்பார்கள். நடுவில் அவர்கள் தின்றதற்கும் இவர்தான் பொறுப்பு. முப்பது வருஷத்தில் இவர் கையால் தைத்த துணி ஒன்றாவது ஆல்டர் பண்ணச் சொல்லித் திரும்பி வராமல் போனதாக இவருக்கு ஞாபகம் இல்லை.

அப்படியிருக்க, ஒரு நாள் டிவியில் காண்டாமிருகத்தைக் காட்டினார்கள். தோள்பட்டையில் மடிப்பு, தொடையில் மடிப்பு, கழுத்தில் துணி மிஞ்சிப்போய்த் தொங்கல். முதல் நாள் மெஷினில் உட்கார்ந்தவன்கூட அவ்வளவு கேவலமாகத் தைக்க மாட்டான். ஆனால் அது பாட்டுக்குச் சேற்றில் நின்று புல் மென்றுகொண்டிருந்தது.

"இதுகிட்ட போய் எவனாவது லூஸா இருக்குன்னு சொல்வானா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"சொன்னா முட்டிடும்" என்றாள் அவள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த நிமிஷமே அவர் முடிவு செய்துவிட்டார். யாரும் திருப்பிக் கொண்டுவர முடியாத பொருள் ஒன்று, ஒன்றே ஒன்று, தனக்கென்று வேண்டும்.

ஆனால் பழக்கம் யாரை விட்டது? டிரையல் பார்க்காமல் துணியில் கத்தரி வைக்காத மனிதர், டிரையல் பார்க்காமல் முதுகைக் கொடுப்பாரா? தன் தோல் நிறத்திலேயே துணி எடுத்து, உடம்போடு ஒட்டுகிற மாதிரி பனியன் தைத்தார். நிறம் பார்ப்பதற்காகத் துணிக்கடையில் சட்டையைத் தூக்கி, வயிற்றைத் துணிக் கட்டுகளின் மேல் வைத்து வைத்துப் பார்த்தார். கடைக்காரர் மற்ற வாடிக்கையாளர்களை அடுத்த மாடிக்கு அனுப்பிவிட்டார். டாட்டூ போடுகிறவர்கள் மூன்று பேரைத் தேடிப் பிடித்து, ஆளுக்கொரு பனியன் கொடுத்து வரைய வைப்பது, போட்டுப் பார்ப்பது, எவருடையது நன்றாக உட்காருகிறதோ அவரிடம் முதுகைக் கொடுப்பது. இதுதான் திட்டம்.

முதலாமவர் கண்ணாடிக் கதவு போட்ட ஏசி அறையில் இருந்தார். வரைந்தது அச்சு அசல் காண்டாமிருகம்தான். ஆனால் அதற்கு நீளமாகக் கண் இமை வைத்திருந்தார். போதாக்குறைக்கு, "பிடிக்கலன்னா பின்னாடி மாத்திக்கலாம் சார், கவலையே வேணாம்" என்றார். மாத்திக்கலாம் என்ற வார்த்தையைக் கேட்டதும் தையல்காரர் பனியனைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இரண்டாமவர் தாடிக்காரர். "காண்டாமிருகம் தனியா நின்னா போரடிக்கும் பிரதர்" என்று சொல்லி, அதற்கு இறக்கை வைத்து, பக்கத்தில் ஒரு கடிகாரம், பின்னால் மழையில் நனைகிற ஓநாய் எல்லாம் போட்டுக் கொடுத்தார். அந்தக் கூட்டத்தில் காண்டாமிருகத்தை விளக்கு வைத்துத்தான் தேட வேண்டியிருந்தது.

மூன்றாவது ஒரு பெண். பஞ்சர் கடைக்கு மேல் ஓர் அறை. டீயில் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டிருந்தவள், பனியனை வாங்கி உள்பக்கம் திருப்பி, தையலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"தையல் ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். தையல்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வாக்கியத்தை அவர் அதுவரை கேட்டதில்லை. அடுத்த நொடியே அவள் பனியனை நீட்டினாள். "ஆனா நான் துணியில வரையறதில்லங்க. துணி குனியாது, தும்மாது. முதுகைக் கொண்டாங்க."

"டிரையல் இல்லாமயா?"

"டிரையல் இல்லாமதான்."

வரைந்து தர மறுத்தவள் அவள் ஒருத்திதான். வீம்பாக எழுந்து வந்துவிட்டார்.

அதற்குப்பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். கண் இமைக் காண்டாமிருகத்தை அவர் வீட்டில் ஒரு வாரம் போட்டுப் பார்த்தார். மனைவிக்கு அது பரம திருப்தி. "நல்லாத்தானே இருக்கு? குளிக்கும்போது கழட்டிடலாம், வலியும் இல்ல. இதோட நிறுத்திக்குங்க" என்றாள். வாரக் கடைசியில், "உங்க முதுகைத் துவைச்சுப் போட்டிருக்கேன், மழை வந்தா எடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். வெந்நீரில் துவைத்திருக்கிறாள். கொடியில் தொங்கியது பன்றிக்குட்டி.

மச்சினன் சும்மா இருப்பானா? "மாமா, ஆபீஸ்ல நீச்சல் குளம் போறோம், உங்க இன்னொரு முதுகைக் குடுங்களேன்" என்று ஓநாய் பனியனை வாங்கிப் போனான். போனவன் திருப்பித் தரவில்லை. அவனுடைய நண்பர்கள் வந்தார்கள். நண்பர்களின் நண்பர்கள் வந்தார்கள். எல்லோருக்கும் முதுகு வேண்டும். வலிக்காத முதுகு, மேலதிகாரி வந்தால் கழற்றி மேசைக்குள் போட்டுக்கொள்கிற முதுகு. தையல்காரர் தைத்தார், முதலாமவர் வரைந்தார். தெருவில் போகிறவனெல்லாம் காண்டாமிருகமாகப் போனான். தையல்காரரின் முதுகு மட்டும் காலியாகவே இருந்தது.

வியாபாரம் நன்றாகத்தான் ஓடியது. அதனால் அவரும் வாயை மூடிக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் மருந்துக் கடைக்காரர் வந்தார். திரும்பி நின்று, தோளுக்கு மேலாகக் கையை விட்டு, இரண்டு விரலால் பனியனைக் கிள்ளி இழுத்தார்.

"காண்டாமிருகம் லூஸா இருக்கு. கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க."

தையல்காரரின் கை பழக்கதோஷத்தில் துணியில் கோடு போடுகிற சாக்பீஸை எடுத்துவிட்டது. மிருகத்தின் வயிற்றில் ஒரு கோடும் போட்டுவிட்டது. இரண்டாவது கோட்டுக்குப் போனபோதுதான் தான் செய்வது அவருக்கு உறைத்தது. உலகத்திலேயே யாரும் குறை சொல்ல முடியாது என்று அவர் நம்பிய ஒன்றே ஒன்றும் ஆல்டருக்கு வந்து நிற்கிறது. கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"வெளிய போங்க" என்றார்.

"பனியன்?"

"அதையும் போட்டுக்கிட்டே போங்க."

கையில் சாக்பீஸோடு கடையைப் பூட்டிவிட்டுப் பஞ்சர் கடைக்கு மேலே ஏறினார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லி ஒரு ஸ்டூலைக் காட்டினாள்.

"மெஷின்ல எப்படி உக்காருவீங்களோ அப்படி உக்காருங்க."

உட்கார்ந்தார். அவள் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். "வலது தோள் இறங்கியிருக்கு."

"தெரியும்மா. இந்த மாதிரி தோளுக்கு நாங்க உள்ள ஒரு பேடு வெச்சு மறைச்சுடுவோம்."

"நான் மறைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, இறங்கிய இடத்திலேயே பேனாவால் காண்டாமிருகத்தின் தோள் மடிப்பைப் போட்டாள். அங்கிருந்து மற்றதெல்லாம் தானாக வந்தது. முடித்ததும் அவரை நிற்கச் சொல்லி, முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி பிடித்துக் காட்டினாள். கொம்பு இருந்தது, வால் இருந்தது. இமை இல்லை. நிமிர்ந்து நின்றதில் கழுத்து மடிப்பு மட்டும் கொஞ்சம் தொங்கியது.

"கழுத்துகிட்ட கொஞ்சம் லூ..." என்று ஆரம்பித்தார் தையல்காரர்.

அவள் பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி, சொல்லுங்க, கேட்டுத் தொலைக்கிறேன் என்கிற மாதிரி கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். அந்த முகம் அவருக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருஷமாகக் குறை கேட்கிறபோதெல்லாம் கடைக் கண்ணாடியில் அவர் பார்க்கிற தன் முகம்.

மிச்சத்தை விழுங்கினார். "ஒண்ணுமில்லம்மா. குத்துங்க."

பல தடவை போய்க் குப்புறப் படுத்து, பல்லைக் கடித்து, ஒரு தடவை அம்மா என்று கத்தி, கீழே பஞ்சர் ஒட்டுகிறவர் ஓடிவந்து, ஒரு வழியாக முடிந்தது. புண் ஆறிய பிறகு மச்சினன் வந்து பார்த்துவிட்டு, பழக்கத்தில், "மாமா, ஞாயித்துக்கிழமை ஒரு பார்ட்டி..." என்று இழுத்தான்.

"எடுத்துக்கோ. நானும் கூட வருவேன்" என்றார் தையல்காரர். அவன் யோசித்துவிட்டு வேண்டாம் என்றான்.

மனைவி மட்டும் கிட்டே வரவில்லை. வேண்டாம் என்று சொல்லியும் கேட்காத கோபம். ஒரு நாள் அவர் சட்டையில்லாமல் குனிந்து வீட்டு மெஷினுக்கு எண்ணெய் விட்டு ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள். அவர் மிதிக்க மிதிக்க, இறங்கிய தோள் ஏறி இறங்க, காண்டாமிருகம் நடந்தது. அவர் நிமிர்ந்ததும் நின்றுவிட்டது.

அவள் கையை நீட்டி, கழுத்துக்குக் கீழே இரண்டு விரலால் கிள்ளி இழுத்தாள். இந்தத் தடவை வந்தது துணி இல்லை, சதை. அவருக்குச் சுரீரென்றது.

"இங்க கொஞ்சம் லூஸா இருக்கேங்க" என்றாள்.

"இருக்கட்டும்" என்றார் அவர்.

அவள் விரலை எடுக்கவில்லை. "ம். இருக்கட்டும்" என்றாள். "திரும்பக் குனிங்க, அது நடக்கறதப் பாக்கணும்."