கட்டுகஸ்தோட்டை விலாசம்

பிரேமிளாவுக்கு மனேஜர் உட்காரும் கதிரை மேல் ஆசை. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? ஆறு வருஷமாகப் பங்குத் தரகுக் கம்பனியின் கண்டிக் கிளையில் உட்கார்ந்து ஊராருக்குப் பங்கு வாங்கிக் கொடுக்கிறாள், ஆசைப்படாமல் என்ன செய்வாள்! அவள் ஒளித்தது வேறொன்றை. வேலைக்கு விண்ணப்பித்தபோது தான் இருக்கும் மஹய்யாவ என்று போடாமல், கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் சித்தி வீட்டு விலாசத்தைப் போட்டுவிட்டாள். மஹய்யாவ என்றாலே "ஓ, முனிசிபல் தொழிலாளிங்க இருக்கிற லயமா?" என்று முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்களே. அப்பா நடராஜா தெருக் கூட்டியவர் என்பது ஒப்பீசில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை மனேஜர் துஷாந்த் அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நான் கொழும்புக்கு மாறிப் போறேன். இந்தக் கதிரை ஒங்களுக்குத்தான். ஒரே ஒரு வேலை. டைல்ஸ் கம்பனிப் பங்க ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் தலையில கட்டிடுங்க. இன்னைக்கே."

"ஏன் சார் இன்னைக்கே?"

"அடுத்த கிழமை அவங்க நட்டக் கணக்கு வெளிய வருது, வெல விழும். அதுக்கு முந்தி நம்ம பெரிய கஸ்டமர் தன்ட பங்க வித்துத் தள்ளணும். ஹாஜியார் வாங்கினா அக்குறணையில இருபது கடைக்காரங்க கண்ண மூடிக்கிட்டு வாங்குவாங்க."

அட பாவி! இது பச்சை மோசடி என்று பிரேமிளாவுக்குத் தெரியாதா? ஆனாலும், வெட்கக்கேடு, கண் என்னவோ அந்தக் கதிரையைத்தான் பார்த்தது. அது கிடைத்தால் கட்டுகஸ்தோட்டையிலேயே வாடகைக்கு ஒரு வீடு எடுக்கலாம், பொய் விலாசத்தை மெய்யாக்கிவிடலாம். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

பதினொன்றரைக்கு ஹாஜியார் வந்தார். அக்குறணையில் இரும்புக்கடை வைத்திருப்பவர், ஆறு வருஷமாக அவளிடமே பங்கு வாங்குகிறவர்.

"டைல்ஸ் கம்பனியப் பத்திப் பேச்சு அடிபடுது மகள். வாங்கலாமா?"

பிரேமிளா படிவத்தை நீட்டினாள். அவர் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. கையெழுத்தை மட்டும் போட்டுத் திருப்பித் தந்தார்.

"எத்தனை பங்குன்னு போடலியே ஹாஜியார்?"

"நீங்களே போடுங்க. நடராஜா மகள்ட கையில குடுக்க எனக்கென்ன யோசனை?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பாவத் தெரியுமா?"

"தெரியாமலா! நான் கண்டி மார்க்கட்டுப் பக்கம் கடை வச்சிருந்த காலம், ஜும்ஆத் தொழுகைக்குப் போற நேரம் கடைச்சாவிய அவர்ட்டத்தானே குடுத்துட்டுப் போவேன். நீங்க இங்க இருக்கிறது தெரிஞ்சுதான் இந்தக் கிளைக்கே வந்தேன். நீங்க சொல்லல்ல, நானும் கேக்கல்ல."

ஆறு வருஷமும் தன் இங்கிலீஷையும் மடிப்புக் கலையாத சேலையையும் நம்பித்தான் மனுஷர் வருகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே! படிவத்தை நாலாகக் கிழித்தாள்.

"வேணாம் ஹாஜியார். ஏன்னு மட்டும் கேக்காதீங்க."

"சரி மகள்," என்று அவர் எழுந்து பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

துஷாந்த் வெளியே பாய்ந்து வந்தார். "பைத்தியமா ஒங்களுக்கு? கதிரை போச்சு!"

"போகட்டும் சார்."

பயம் இல்லாமல் இல்லை, பொய் சொல்வானேன். வேலையே போகலாம். ஆனாலும் உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் ஆணைக்குழுவுக்கு நடந்ததை நடந்தபடி எழுதினாள். அடியில் விலாசம் போடும்போது, பழக்கதோஷம், கை "கட்டு" என்று தொடங்கிவிட்டது. சீச்சீ என்று அதை அடித்துவிட்டுப் பெரிதாக எழுதினாள்: நடராஜா பிரேமிளா, மஹய்யாவ, கண்டி.