மடிப்புக்கு விடாத துணி

எங்கள் தெருமுனையில் ஒரு திரைச்சீலைக் கடை இருக்கிறது. என் மாடிவீட்டுக்காரி அங்கேதான் பல வருஷமாகத் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். கடையில் நடப்பதெல்லாம் அவள் படியேறும்போதே என் காதுக்கு வந்துவிடும். வராவிட்டால் நானே போய் விசாரித்துக்கொள்வேன், அதற்கென்ன.

போன மாதம் முதலாளிக்குத் திடீர் ஞானோதயம். ஒரு பயிற்சியாளரை வரவழைத்து, பாதி நாள் கடையை அடைத்து, எல்லோரையும் கைதட்ட வைத்தார். "எனக்கு வராது" என்று இனி யாரும் சொல்லக் கூடாதாம். "இன்னும் வரவில்லை" என்றுதான் சொல்ல வேண்டுமாம். மறுநாளே கல்லாவுக்கு மேலே ஒரு பலகை: 'தைரியமாகத் தப்பு செய்யுங்கள், வளருங்கள்.'

பைத்தியக்காரி, அதை அப்படியே நம்பிவிட்டாள். துணி வெட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று போய் நின்றாள். அந்தக் கடையில் கத்தரிக்கோலைத் தொடுவது கட்டிங் மாஸ்டர் மட்டும்தான். அவர் முதலாளியின் மச்சான். பலகை மாட்டின சூட்டில் முதலாளியும் தலையாட்டிவிட்டார்.

முதல் துணி, பல் டாக்டர் வீட்டுக் கூடத்துத் திரை. ஜன்னல் உயரத்தை அளந்தாள், அதே அளவுக்கு வெட்டினாள். மேலேயும் கீழேயும் மடித்துத் தைக்கக் கூடுதலாகத் துணி விட வேண்டும் என்பது மறந்தே போயிற்று. இத்தனை வருஷமாக மடித்துத் தைத்ததே இவள்தான்! மெஷினில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. மறைக்கவில்லை, தானே முதலாளியிடம் போய்ச் சொன்னாள்.

"மடிப்புக்குத் துணி விடலை சார். எங்க தப்பு பண்ணேன்னு புரிஞ்சுபோச்சு. அடுத்ததைச் சரியா வெட்டிடுவேன்."

"அடுத்ததா? உனக்கு எது வரும், எது வராதுன்னு எனக்குத் தெரியாதா? போய் மெஷின்ல உக்காரும்மா!"

பலகைக்கு நேர் கீழே நின்றுதான் சொன்னார், அதுவும் வாடிக்கையாளர்கள் முன்னால்.

கேட்ட எனக்குப் பொறுக்கவில்லை. மச்சான் வெட்டிக் கெடுத்ததெல்லாம் எங்கே போகிறது? குஷன் உறையாக மாறி, 'புது டிசைன்' என்று வாசலில் தொங்குகிறது. என் சோபாவிலேயே நாலு கிடக்கிறது. அவர் கெடுத்தால் டிசைன், இவள் கெடுத்தால் தலையெழுத்தா?

கூத்து அதோடு முடியவில்லை. விளம்பரத்துக்குப் படம் எடுக்க ஆள் வந்தான். 'எங்கள் ஊழியர்கள் வளர்கிறார்கள்' என்று போடப் போகிறார்களாம். முதலாளி இவளையே கூப்பிட்டு, கையில் கத்தரிக்கோலைக் கொடுத்து, வெட்டும் மேஜையருகே சிரிக்கச் சொன்னார். துணி பார்க்கிற சாக்கில் நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

படம் எடுத்தாயிற்று. மச்சான் கையை நீட்டினார். "கத்தரியைக் குடும்மா."

"இருங்கண்ணே."

டாக்டர் வீட்டுக்கு மறுபடி வெட்ட வேண்டிய துணி மேஜைமேல் விரித்துக் கிடந்தது. நாடாவைப் போட்டு அளந்து, மடிப்புக்கு இரண்டு பக்கமும் விட்டு, சாக்பீஸால் கோடு இழுத்தாள்.

"யாரைக் கேட்டு வெட்டுறே?" முதலாளி சீறினார்.

"படத்துல மட்டும் வெட்டினாப் போதுமா?" என்றேன் நான். என் வாய் சும்மா இருக்குமா!

படம் பிடிப்பவன் மறுபடி கேமராவைத் தூக்கினான். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தார். கத்தரி கோட்டிலிருந்து விலகாமல் துணியைக் கடந்தது. மச்சான் அளந்து பார்த்தார்; குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை.

"பாத்தீங்களா, நாங்க குடுத்த பயிற்சி!" என்றார் முதலாளி, கேமராவைப் பார்த்து.

"பயிற்சி இல்லை சார், அன்னைக்கு நான் கெடுத்த துணிதான் கத்துக்குடுத்துச்சு," என்றாள் அவள். பிறகு மச்சான் பக்கம் திரும்பி, "அடுத்த ஜன்னல் என்ன உயரம்ணே?" என்று கேட்டாள்.