தொட்டிகளில் இரண்டு கையெழுத்து

தண்டனை சொல்லும் நாளன்று நீதிமன்றத்தின் முன்வரிசையில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தேன். கூண்டில் நின்றவன் என் மகன். எங்கள் வீட்டு மாடி அறையின் ஜன்னல்களை அடைத்து, விளக்கு வெளிச்சத்தில் பதினெட்டுக் கஞ்சாச் செடிகள் வளர்த்தவன். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். எத்தனை வருடம் என்பது மட்டும் பாக்கி.

தொட்டிகளில் ஒட்டியிருந்த துண்டுச்சீட்டுகளை அரசு வக்கீல் மேசையில் பரப்பினார். தண்ணீர் விட்ட தேதிகள். "இது ரெண்டு பேர் கையெழுத்து. கூட்டா நடத்தின வியாபாரம். அந்த இன்னொருத்தன் யாருன்னு இவன் சொல்ல மாட்டேங்கிறான்."

அந்த இன்னொருத்தன் நான்தான். மகன் காய்ச்சலில் ஒன்பது நாள் எழுந்திருக்கவில்லை. "செடி வாடிடும்பா" என்று முனகினான். போய் ஊற்றினேன். நாற்பது வருடம் நில அளவையில் இருந்தவன். செய்ததைத் தேதி போட்டு எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. என்ன செடி என்று அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவான் என்ற பயம்.

முந்தின நாள் அவனுடைய வக்கீலம்மா வீட்டுக்கு வந்திருந்தார். "ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா. கூட்டுங்கிற பேச்சே நிக்காது. ஏழு வருஷம் ரெண்டாயிடும்."

"எங்க குடும்பத்துல யாரும் கோர்ட் படி ஏறினதில்லம்மா."

"அதான் புள்ள ஏறிட்டானே" என்றாள் என் மனைவி. "அவன் உங்க மானத்தக் காப்பாத்துறான். நீங்க எதைக் காப்பாத்துறீங்க?"

நீதிபதி கடைசியாக ஒருமுறை கேட்டார். "யார் அந்த ஆள்?"

மகன் தரையைப் பார்த்தான். தப்பித்தவறிக்கூட என் பக்கம் திரும்பவில்லை. எழுந்துவிட்டேன்.

"நான்தான்யா."

"அப்பா, உக்காருங்க." மகனின் குரல் உடைந்தது. "அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா."

அரசு வக்கீல் சிரிக்காமல் சிரித்தார். "பெத்த பாசம். இப்ப வந்து என்ன வேணாலும் சொல்லுவாரு."

என் வார்த்தையை ஒருவர் நம்ப மறுப்பது இதுவே முதல்முறை. "பேனா குடுங்க, எழுதிக் காட்டுறேன்" என்றேன்.

கொடுத்தார்கள். வெள்ளைத்தாளில் பேனாவை வைத்தேன். அச்சுக் கோத்தது போல எழுதிய கை அது. இப்போது அடங்காமல் ஆடியது. முதல் எண் கோணலாக இழுத்துக்கொண்டு போய், யாரோ எழுதியது போல நின்றது. இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி, இரண்டாவது எண்ணைத் தொடங்கினேன்.