கோபத்திலும் வந்த டிஸ்க்

மேட்டுப்பாளையத்தில் ஷஃபீக் அட்டைப்பெட்டி கம்பெனி வைத்திருந்தான். அங்கே கம்ப்யூட்டர் எல்லாம் மனைவி இஃப்ஃபத்தின் பொறுப்பு. தினமும் பேக்கப் எடுத்த டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். அவனும் முணுமுணுத்தபடியே காலி டிபன் கேரியரில் போட்டுக் கொண்டுவருவான்.

அன்று காலை ஷஃபீக் கம்பெனியிலிருந்து போன் செய்தான். ஏதோ வைரஸ் புகுந்து எல்லா ஃபைலையும் பூட்டிவிட்டதாம். இஃப்ஃபத்தின் கண் அடுப்படியில் இருந்த கேரியருக்குப் போனது. முந்தின நாள் சண்டையில் அவள் சாப்பாடே கட்டவில்லை, கேரியரும் போகவில்லை. டிஸ்க் அங்கேயே மாட்டியிருந்தால் அதுவும் போச்சு.

"டிஸ்க் எங்கங்க?"

"பீரோவுல, என் சட்டைக்கு அடியில பாரு."

"நேத்துலேந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. இத மட்டும் எப்படி கொண்டாந்தீங்க?"

"கோவம் வந்தா பேசத்தான் மாட்டேன். நீ சொன்னத கேக்காம இருப்பனா?"

ஒரு கையில் டிஸ்க்கும் மறு கையில் நிரம்பிய கேரியருமாக இஃப்ஃபத் ஆட்டோ ஏறினாள்.