முனகலுக்குக் காத்திருந்தவர்

எந்த லிஃப்ட் எந்த மாடியில் முனகுகிறது என்று கீழே நின்றே காதால் கண்டுபிடித்துவிடும் மெக்கானிக் அவர். இப்போது மனைவி முனகுவதற்காகத் தவம் கிடந்தார்.

எலும்பு மஜ்ஜை மாற்றிய பிறகு, வெள்ளணுக்கள் சீக்கிரம் வளர அவளுக்குத் தினமும் ஊசி போட்டார்கள். "எலும்பு வலிச்சா பயப்படாதீங்க, உள்ள வேலை நடக்குதுன்னு அர்த்தம்" என்று நர்ஸ் சொன்னதுதான் தாமதம், மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கட்டிலருகே ஸ்டூலைப் போட்டுவிட்டார்.

"வலிக்குதா?"

"ஒண்ணும் இல்லீங்க."

நாலு நாளும் இதே பதில். மருந்தே வேலை செய்யவில்லை என்று டாக்டரிடம் சண்டைக்கே போய்விட்டார்.

ஐந்தாம் நாள் ரத்தப் பரிசோதனைத் தாளோடு நர்ஸ் சிரித்துக்கொண்டே வந்தாள். "அணு நல்லா ஏறியிருக்கும்மா. இடுப்பு பிச்செடுத்திருக்குமே?"

"நாலு நாளா உயிர் போகுது" என்றாள் மனைவி.

அவருக்குச் சுருக்கென்றது. "என்கிட்ட ஏன் மறைச்சே?"

"முப்பது வருஷமா எனக்கு வலிக்குதுன்னு எப்போ சொன்னாலும், நீங்க உங்க முதுகுவலியை ஆரம்பிச்சிடுவீங்க."

"அபாண்டமா பேசாதே" என்று எழுந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "இந்த ஸ்டூல்ல நாலு நாளா உட்கார்ந்து எனக்கும்தான்..."