இருசப்பனை இறக்கிய சொற்கள்

என் கணவர் இருசப்பன் பாடிக்கொண்டே வானத்துக்குப் போன அன்று காலையில் கடைசியாகச் செய்த வீட்டுக் காரியம், மாவு மில்லில் கேழ்வரகு அரைத்து வந்தது. அது 1984 சித்திரைப் பௌர்ணமி. வானத்துக்குப் போனார் என்றால் செத்துப்போனார் என்று வெளியூர்க்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. போனார், அவ்வளவுதான்.

எங்களுக்கு அடி அண்ணாமலையில் கொஞ்சம் நிலம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலைப் பயிர். அவர் கோயில் திருவிழாக்களில் உடுக்கை அடித்துப் பாடுவார். எழுபத்து மூன்றில் கிட்டாரோடு ஒரு வெள்ளைக்காரர் வந்து, செங்கம் சாலையில் பீபி ஜான் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தார். ஊர் அவரைக் கிட்டார்சாமி என்றது. புல், எறும்பு, மலை, மனிதன் எல்லாவற்றுக்கும் உயிர் ஒன்றுதான், அது தெரிந்தவனுக்கு எடை கிடையாது என்று அவர் தேசத்துப் பாட்டுகள் சொல்லுமாம். அந்தக் கருத்தை என் கணவர் உடுக்கைப் பாட்டு மெட்டில் போட்டார். பீபி ஜானின் மகன் ஜியாவுல்லா மைக்செட் வைத்திருந்தார், மேண்டலினும் வாசிப்பார். மூவரும் சேர்ந்து மெல்லிசைக் குழு ஆனார்கள். "மலையும் நானும் ஒரே மூச்சு" என்ற அவர்கள் பாட்டு, எண்பத்திரண்டில் எல்லாக் கல்யாண வீடுகளிலும் கேட்டது.

ஒரு தை மாதக் கல்யாணத்தில் என் கணவர் மேடையிலிருந்து ஒரு சாண் உயர்ந்தார். மைக் ஸ்டாண்ட் இறங்கிவிட்டது என்று நினைத்து ஜியாவுல்லா அதை ஏற்றி வைத்தார். அடுத்த பாட்டில் இன்னும் ஒரு சாண். பத்து வருஷம் தியானத்தில் உட்கார்ந்தும் விரற்கடைகூட எழும்பாத கிட்டார்சாமி, அதைப் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார். அன்றைக்குப் பந்தியில் மட்டும் இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கினார்.

மேலே போவது சிரமமாக இல்லை. இறக்குவதுதான் பாடு. காலைப் பிடித்து இழுத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். பந்தல் துணியில் தலை இடிக்க அவர் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. முன்வரிசையிலிருந்து, "ஏங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டினீங்களா இல்லியா?" என்றேன். தொப்பென்று விழுந்தார்.

அதிலிருந்து நானும் குழுவில் ஒருத்தி. எனக்குத் தனி மைக். பாட்டின் கடைசி அடிக்கு முன்னால் வீட்டுக் குறை ஒன்றைச் சொல்வேன், அவர் இறங்குவார். குறை உண்மையாக இருக்கவேண்டும். ஒருமுறை செங்கத்தில், கூரை ஒழுகுகிறது என்றேன். முந்தின வாரம்தான் ஓலை மாற்றியிருந்தார், அசையவில்லை. புளி தீர்ந்துவிட்டது என்றதும் வந்தார். அதனால் வீட்டில் எப்போதும் ஒரு வேலையை முடிக்காமல் வைத்திருந்தேன். கச்சேரிக்குக் கிளம்பும்போது ஜியாவுல்லா கேட்பார்: "அண்ணி, கைல குறை இன்னா கீது?"

"கதவு கீல் பேந்துகினு கீது பாய்."

"போதும். அதுவே ஜாஸ்தி."

கடைசி அடியை மட்டும் அவர் ஒருநாளும் பாடி முடித்ததில்லை. நான் விடவில்லை. முடித்தால் என் குரல் எட்டாத உயரத்துக்குப் போய்விடுவார் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்தச் சித்திரையில் ஒரு வாரமாக அவர் வீட்டைச் சரிசெய்துகொண்டே இருந்தார். கீலுக்கு ஆணி அடித்தார். மாட்டை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனார். மண்ணெண்ணெய், புளி, மிளகாய் எல்லாம் வாங்கிப் போட்டார். "உன் ஊட்டுக்காரருக்கு இன்னா ஆச்சு ரேணு? எங்க ஊட்டுக்கும் ரெண்டு நாள் அனுப்பு" என்றார் பீபி ஜான். எனக்குப் பெருமையாக இருந்தது. வேறெதுவும் தோன்றவில்லை.

பௌர்ணமியன்று சாயங்காலம் நிலா கிளம்பும்போது மலை சுற்றும் பாதையோரம் கச்சேரி. இங்கே பாதையின் மலைப்பக்கத்துப் பாதியைச் சித்தர்கள் நடக்க விட்டுவிட்டு, ஜனங்கள் இடது ஓரமாகவே நடப்பார்கள். அவர் மலைப்பக்கம் நின்று பாடினார். அங்கிருந்தே உயர்ந்ததால், சித்தர் வழியில் கை நீட்டி அவர் காலைப் பிடிக்க யாருக்கும் துணிவு வரவில்லை. மைக் வயர் விறைத்தது. மைக்கை விட்டுவிட்டுப் பாடினார்.

"புளி இல்லீங்க," என்றேன். அசையவில்லை. மண்ணெண்ணெய் என்றேன், மாடு என்றேன். எல்லாம் பொய். ஜியாவுல்லா மேண்டலினை நிறுத்திவிட்டு, "அண்ணி, எதுனா சொல்லுங்க" என்றார். எனக்கு ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"நீங்க இல்லாம நான் ஒண்டியா இன்னாங்க பண்ணுவேன்?"

பாதையோரப் புளியமரத்து உச்சிவரைக்கும் இறங்கினார். என்னைப் பார்த்தார். ஆனால் அந்தக் குறை அப்போது இன்னும் ஏற்படவில்லை. பொய்க்குச் சமம்தான். கடைசி அடியைப் பாடி முடித்தார். கூட்டம் அரோகரா போட்டது.

அடுத்த பௌர்ணமிக்குள் அது உண்மையாகிவிட்டது. ஜியாவுல்லா நாலு குழாய் ஸ்பீக்கரை வானத்தைப் பார்த்துக் கட்டிக்கொடுத்தார். அதையே திரும்பச் சொன்னேன். மேலேயிருந்து அவர் பாட்டு எங்களுக்கு வந்தது, என் சொல் அங்கே எட்டவில்லை.

கிட்டார்சாமி ஊருக்குப் போய்விட்டார். பௌர்ணமிதோறும் மலை சுற்றுகிறவர்கள் அந்த இடத்தில் நின்று, ஒரு டீ குடித்து, பாட்டு முடிந்ததும் நடக்கிறார்கள். நானும் நிற்கிறேன். பல்லவியின் இரண்டாவது வரியில் அவருக்குச் சுருதி கொஞ்சம் கம்மியாகும். கிட்டார்சாமி எவ்வளவோ திருத்திப் பார்த்தார். இப்போதும் அந்த இடத்தில் கம்மியாகத்தான் வருகிறது.